பேஸ்மென்ட்டில் எத்தனை பாகை? ரொறன்ரோப் பகுதித் தமிழ் வீட்டுக்காரர்களுக்கும் கோயில், சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் பக்கங்களில் பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர்களுக்கும், தைப்பொங்கல் நிகழ்வுகளை ஒழுங்கு செய்யும் கோயில், ஊர்ச்சங்க, பழைய மாணவர் சங்க நிர்வாகிகளுக்கும் இந்த மடலை எழுதுகிறோம். எங்களில் சிலர் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பூட்டித் திருத்துபவர்கள், சிலர் தாதியர்.

குளிர் தொடங்கியதும் எங்கள் வானொலிகளிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் வரும் அறிவுரை பெரும்பாலும் உடுப்பைப் பற்றியது. உடுப்பு வேண்டியதுதான். ஆனால் எங்கள் சனத்துக்குக் குளிரால் வரும் ஆபத்தில் பெரும்பங்கு வீட்டுக்குள்ளேயே, அதுவும் கீழ்த்தளத்தில்தான் தொடங்குகிறது. அதைத் தடுக்கும் வேலையில் முக்கால்வாசி கீழே இருப்பவரின் கையில் இல்லை. தெர்மோஸ்டாட், ஃபர்னஸ், புகைக்குழாய், அலாரம் எல்லாம் வீட்டுக்காரரின் பொறுப்பில் இருக்கின்றன. ஆகவே முதலில் உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஒரே ஃபர்னஸ் இரண்டு குடித்தனத்தையும் சூடாக்கும் வீடுகளில் தெர்மோஸ்டாட் மேல்வீட்டுச் சுவரில் இருக்கும், பல வீடுகளில் குசினிக்குக் கிட்ட. பின்னேரம் அடுப்பு எரிய, நாலு பேர் நடமாட, அந்தச் சுவர் 22 பாகை காட்டும். ஃபர்னஸ் நின்றுவிடும். கீழே சீமெந்துத் தரையை ஒட்டிய காற்று 16, 17 பாகையில் இருந்தாலும் தெர்மோஸ்டாட்டுக்கு அது தெரியாது. ரொறன்ரோ நகர விதிப்படி குளிர்காலத்தில் வாடகை வீட்டில் குறைந்தது 21 பாகை இருக்க வேண்டும்; நகர விதி இல்லாத இடங்களுக்கு ஒன்ராறியோ மாகாணம் 20 பாகை என்று வைத்திருக்கிறது. அந்த அளவு குடியிருப்பவரின் அறையில் இருக்க வேண்டிய அளவு. உங்கள் சுவரில் தெரியும் எண்ணை வைத்து அதைச் சொல்ல முடியாது. அளக்கும் முறையும் மாகாண விதியில் இருக்கிறது: தரையிலிருந்து 1.5 மீற்றர் உயரம், வெளிச்சுவரிலிருந்து 1 மீற்றர் தள்ளி. சாதாரண வெப்பமானி ஒன்றை வாங்கிக் கீழே அந்த இடத்தில் வைத்து, விடியப்புறம் பாருங்கள். விடியப்புறம்தான் உண்மை தெரியும்.

குறைவாக இருந்தால் உடனே பெரிய செலவு என்று நினைக்க வேண்டாம். முதலில் ஃபர்னஸின் காற்று ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் காற்றும் ஊடுருவாது. ஒரு அங்குல ஃபில்டரைக் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். தாளித்து, பொரித்துச் சமைக்கும் வீடுகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி அது இன்னும் விரைவாக அடையும். அடைந்தால் ஃபர்னஸ் உள்ளே அளவுக்கு மீறிச் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ள அடிக்கடி நின்று நின்று ஓடும். அடுத்து, தகரக் காற்றுக்குழாயின் கிளைகளில் சிறிய கைப்பிடிகள் இருக்கும். மேலே போகும் கிளைகளைக் கொஞ்சம் மூடிக் கீழே போவதை முழுதாகத் திறந்தால் பல வீடுகளில் இரண்டு பாகை ஏறும். பேஸ்மென்ட்டில் சூட்டுக் காற்று கூரையிலிருந்து வருகிறது. சூடு மேலேயே நிற்கும், கால் விறைக்கும். தெர்மோஸ்டாட்டில் விசிறியை 'ஓட்டோ'விலிருந்து 'ஒன்'னுக்கு மாற்றினால் காற்று கலக்கும். இதற்கும் சரிவராவிட்டால் தனி உணரி (சென்சர்) உள்ள தெர்மோஸ்டாட் ஒன்றைப் பூட்டி, உணரியைக் கீழே வையுங்கள். இரவில் அதைப் பார்த்தே ஃபர்னஸ் ஓடட்டும்.

இதைச் செய்யாமல் ஒரு சின்ன ஹீட்டரை வாங்கிக் கீழே கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மாகாண விதிப்படி அப்படியான ஹீட்டர் வீட்டின் முதன்மைச் சூடாக இருக்கக் கூடாது. ஏன் என்று கணக்கே சொல்லும். 1500 வாட், 120 வோல்ட்: 12.5 அம்பியர். பேஸ்மென்ட் அறைகளின் வயர்கள் பெரும்பாலும் 15 அம்பியர் பிரேக்கரில் இருக்கும், மணிக்கணக்கில் ஓடும் கருவிக்கு அதில் 80 வீதம், அதாவது 12 அம்பியர்தான் கணக்கு. ஹீட்டர் ஒன்றே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதே வயரில் ரைஸ் குக்கரும் கேத்தலும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். விழுந்தால் நல்லது. பவர் பாரில் கொழுவியிருந்தால் பிரேக்கர் விழும் முன்பே பாரின் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு சூடேறிப் பிளாஸ்டிக் உருகத் தொடங்கலாம். தவிர்க்க முடியாத இரவில் ஹீட்டரை நேரே சுவர்ச் சொக்கெட்டில் கொழுவி, பாதி வலுவில் வைத்து, மெத்தை, திரைச்சீலை, காயும் உடுப்பு எல்லாவற்றிலிருந்தும் ஒரு மீற்றர் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். பிளக்கைத் தொட்டால் கை பொறுக்காத சூடு என்றால் அந்தச் சொக்கெட்டை மாற்றும்வரை பாவிக்கக் கூடாது.

இனி காபன் மொனொக்சைட். எரிபொருள் சரியாக எரியாதபோது வரும், மணமில்லாத நச்சு வாயு அது. 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில் ஒரே வீட்டில் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது, வீட்டில் காபன் மொனொக்சைட் அலாரம் இல்லை. அந்தக் குடும்பத்தின் பெயரோடுதான் 2013ல் ஹோக்கின்ஸ் ஜிக்னாக் சட்டம் வந்தது. எரிபொருள் எரியும் கருவியோ ஒட்டிய கராஜோ உள்ள வீட்டில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் இந்த அலாரம் கட்டாயம். 2026 ஜனவரி முதல் ஒவ்வொரு தளத்திலும் வேண்டும். மேல்வீட்டு அலாரம் கீழே கதவைச் சாத்திவிட்டுத் தூங்குபவரை எழுப்பாது. ஃபர்னஸும் தண்ணீர் ஹீட்டரும் பேஸ்மென்ட்டில் அவருடைய தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

அலாரத்தின் பின்புறத்தைத் திருப்பி வருடத்தைப் பாருங்கள். ஏழு முதல் பத்து வருடத்தில் உள்ளே இருக்கும் உணரி செத்துவிடும். பொத்தானை அழுத்தினால் கத்துவது பற்றரியும் ஒலிப்பானும் வேலை செய்கின்றன என்பதற்கு மட்டுமே சாட்சி. இன்னொன்று பலருக்குத் தெரியாது: வாயு பத்து லட்சத்தில் 70 பங்கு இருக்கும்போது அலாரம் அடிக்க ஒரு மணி முதல் நாலு மணி நேரம்வரை எடுக்கலாம், 400 பங்கு என்றால் 4 முதல் 15 நிமிடம். 70க்கும் குறைவான அளவில் அது பேசாமலே இருக்கலாம். ஆகவே அலாரம் அடிக்கவில்லை என்பதால் உடம்பு சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம். விடியத் தலையிடி, குமட்டல், வேலைக்குப் போனால் சுகம், வீட்டுக்கு வந்தால் திரும்பவும் அதே. வீட்டில் எல்லாருக்கும் ஒன்றாக, காய்ச்சல் இல்லாமல். இது தடிமன் அல்ல. கோவிட் காலத்தில் வாங்கிய விரல்நுனி ஒக்சிமீற்றரில் பார்த்து 98 என்று ஆறுதலடைபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கருவிக்கு ஒக்சிஜன் ஏறிய குருதியையும் காபன் மொனொக்சைட் ஏறிய குருதியையும் பிரித்தறியத் தெரியாது. நஞ்சேறியவருக்கும் அது 98 என்றே காட்டும். அலாரம் அடித்தால் எல்லாரும் வெளியே வந்து 911க்கு அழைக்க வேண்டும். ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளே இருப்பதும், ஜக்கெட் எடுக்கத் திரும்பிப் போவதும் வேண்டாம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் 'தமிழ்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

புகைவழி எப்படி அடைபடுகிறது? புதிய ஃபர்னஸ்களுக்குக் கூரைப் புகைபோக்கி இல்லை. பக்கச் சுவரால் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள், இரண்டு மூன்று அங்குல விட்டத்தில், முழங்கால் உயரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று காற்றை உள்ளே இழுக்க, மற்றது புகையை வெளியே விட. இரண்டு வீடுகளுக்கு இடையிலுள்ள அந்த ஒடுக்கமான சந்தில் காற்று ஸ்னோவைக் கொண்டுவந்து குவிக்கும். டிரைவேயைத் துப்புரவாக்குபவர் தள்ளியதும் அங்கேதான் போய்ச் சேரும். கடும் குளிரில் புகைக்குழாயின் வாயில் ஈரம் உறைந்து தாடிபோலத் தொங்கி, துளை நாளுக்கு நாள் சுருங்கும். அடைபட்டால் ஃபர்னஸின் அழுத்த உணரி எரிவாயுவை நிறுத்தும், உள்ளே ஒரு சிறிய விளக்கு கண்சிமிட்டும், வீடு குளிரும். அப்போது சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டாம். வெளியே போய்க் குழாயைப் பாருங்கள். சுற்றிலும் ஒரு மீற்றருக்கு ஸ்னோவைக் கையால் அகற்றுங்கள்; சவளால் இடித்தால் குளிரில் பிளாஸ்டிக் வெடிக்கும். கீழ்வீட்டு ஜன்னல் குழியையும் அதே கையோடு துப்புரவாக்குங்கள். தீ பிடித்தால் அந்த ஜன்னல்தான் அவர்களுடைய இரண்டாவது வாசல்.

அதைவிட எங்களுக்குப் பயம் தருவது பழைய வகைத் தண்ணீர் ஹீட்டர். அதன் தலையில் தொப்பிபோன்ற ஒரு தகரமும், அதிலிருந்து புகைபோக்கிக்குப் போகும் குழாயும் இருக்கும். புகை தன் சூட்டினால் மட்டுமே மேலேறுகிறது, தள்ளிவிட விசிறி இல்லை. எங்கள் குசினிகளில் கறி மணம் போக வலுவான புகையுறிஞ்சி பூட்டுகிறோம். குளிருக்கு ஜன்னல்களைப் பிளாஸ்டிக் தாளால் ஒட்டுகிறோம். உறிஞ்சி வெளியே தள்ளும் காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது வர வேண்டும். கடைசியில் அது புகைபோக்கி வழியாகக் கீழே இறங்கி, ஹீட்டரின் புகையையும் வீட்டுக்குள் கொண்டுவருகிறது. சோதிக்க ஒரு ஊதுபத்தி போதும். கதவு ஜன்னல்களைச் சாத்தி, குசினி உறிஞ்சி, குளியலறை விசிறி, உடுப்புலர்த்தி எல்லாவற்றையும் போடுங்கள். சுடுநீர்க் குழாயைத் திறந்து ஹீட்டரைப் பற்றவிட்டு ஐந்து நிமிடம் கழித்து, ஊதுபத்தியைத் தகரத் தொப்பியின் விளிம்பில் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் சரி. உங்கள் முகத்தை நோக்கி வந்தால் உறிஞ்சியை அணைத்து, ஹீட்டரையும் அணைத்து, மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ.யின் உரிமம் உள்ள எரிவாயுத் தொழில்நுட்பரை அன்றைக்கே கூப்பிடுங்கள். கட்டட வேலை தெரிந்த உறவுக்காரர் கை வைக்கும் இடம் இது அல்ல.

கோயில், சங்க நிர்வாகிகளே, பொங்கல் இந்நாட்டில் வருடத்தின் மிகக் குளிரான கிழமைகளில் வருகிறது. பானையை வெளியே வைத்தால் புரொப்பேன் அடுப்பின் சுவாலை மெலியும், ஏனென்றால் குளிரில் சிலிண்டருக்குள் வாயு அழுத்தம் குறைகிறது. பால் பொங்கத் தாமதமாகும். யாராவது அடுப்பைக் கராஜுக்குள் எடுத்துவைத்து, குழந்தைகள் விறைக்கின்றன என்று கதவைப் பாதி இறக்குவார். அந்தக் கணத்திலிருந்து அது நஞ்சுக் கூடம். நாலு பக்கமும் மறைத்த கூடாரமும் அப்படியே. சிலிண்டரைச் சுடுநீராலோ தீயாலோ சூடாக்குவது அதைவிட மோசம். செய்ய வேண்டியது இதுதான்: அடுப்பு திறந்த வெளியில், சுவரிலிருந்தும் கதவிலிருந்தும் மூன்று மீற்றர் தள்ளி, காற்று வரும் ஒரு பக்கம் மட்டும் தடுப்பு; நிரம்பிய சிலிண்டர்; பாலும் தண்ணீரும் உள்ளே மின்னடுப்பில் ஏற்கெனவே சூடாக்கியது. பானை பத்து நிமிடத்தில் பொங்கும், யாரும் உள்ளே ஓட வேண்டியதில்லை.

கோயில் வாசல் இன்னொரு இடம். சப்பாத்துக் கழற்றும் இடத்தில் ஸ்னோ உருகித் தண்ணீராக நிற்கிறது. அதில் காலுறையோடு நடந்து, ஈரக் காலுறையையே மறுபடி பூட்ஸுக்குள் விட்டு, கார் தேடிப் பத்து நிமிடம் நடந்தால், ஈரம் உடம்புச் சூட்டைப் பலமடங்கு வேகமாக இழுத்துவிடும். தண்ணீர் வடியும் ரப்பர்ப் பாய், முதியவர்கள் இருந்து சப்பாத்துப் போட வாங்குகள், மாற்றுக் காலுறை கொண்டுவரச் சொல்லும் ஒரு அறிவித்தல்: இவ்வளவும் பெரிய செலவில்லை. படிகளில் போடும் சாதாரண உப்பு -10 பாகைக்குக் கீழே ஏறக்குறைய வேலை செய்யாது. அந்த நாட்களில் கல்சியம் குளோரைட் வேண்டும், அல்லது குறைந்தது மணல்.

வானிலை அறிக்கையில் பாகையை மட்டும் பார்க்க வேண்டாம். -20 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்றடித்தால் தோலுக்கு அது -33. காற்றுக்குளிர் -28ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம், -40ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடத்தில். நிகழ்வுக்கு வெளியே வரிசை நிற்குமா என்று முடிவெடுக்க இந்த எண்கள் போதும். அழைப்பிதழில் 'வேட்டி, சேலையில் வரவும்' என்று போடுவீர்களானால், உள்ளே ஒட்டிய கம்பளி உள்ளுடுப்பு, காதை மூடும் தொப்பி, பூட்ஸ் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிரேற்றும். ஐந்து விரல் கையுறையைவிட விரல்கள் சேர்ந்திருக்கும் கையுறை சூடு. பூட்ஸுக்குள் கால்விரல் அசைய இடம் இருக்க வேண்டும். இறுக்கி இரண்டு காலுறை போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும்.

உறைகடி, அதாவது குளிரில் தோலும் சதையும் உறைவது, பற்றிய பிரசுரங்களில் தோல் சிவந்து பின் வெளுக்கும் என்று எழுதியிருக்கும். எங்கள் தோலில் அது அப்படித் தெரியாது. மாநிறத் தோல் சாம்பல் பூத்தது போலாகி, பளபளப்புப் போய் மெழுகுபோல் இருக்கும். அழுத்தினால் உள்ளே பதியாமல் கட்டியாக நிற்கும், தொட்டால் உணர்வு இராது. வலித்துக்கொண்டிருந்த விரல் திடீரென்று வலிக்காமல் போவதுதான் நம்பகமான அடையாளம். உள்ளே கொண்டுபோய், மோதிரத்தைக் கழற்றி, 37 முதல் 39 பாகைத் தண்ணீரில் அரை மணி நேரம்வரை வையுங்கள். தண்ணீரின் சூட்டை நல்ல உடம்புள்ளவரின் முழங்கையால் பாருங்கள், விறைத்தவரின் கையால் அல்ல. தேய்க்க வேண்டாம், நல்லெண்ணெய் போட்டு உருவ வேண்டாம், அடுப்பு அனலில் காட்ட வேண்டாம். உறைந்த திசு தேய்த்தால் கிழியும், அனலில் தெரியாமலே வேகும். திரும்பவும் உறையும் வாய்ப்பு இருந்தால் இளகவைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே நல்லது. கொப்புளம் வந்தாலோ உணர்வு திரும்பாவிட்டாலோ அவசர சிகிச்சை.

நீரிழிவு எங்கள் வீடுகளில் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல வருடம் நீரிழிவு இருந்தவரின் காலுக்கு உறைவதும் தெரியாது, சுடுவதும் தெரியாது. வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துத் தூங்கி, காலையில் தோல் உரிந்திருப்பதைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். அப்பம்மா, அம்மம்மாமார் உள்ள வீடுகளில் இரவு படுக்கும் முன் அவர்களுடைய பாதங்களை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். வீட்டுக்குள்ளேயே முதியவரின் உடல்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கலாம்: சொல் குழறும், பொத்தான் பூட்ட வராது, நடுக்கம் இருந்து பின் நிற்கும். நடுக்கம் நின்றது சுகமானதற்கு அடையாளம் அல்ல. 911 அழைத்து, ஈர உடுப்பை மாற்றி, முதலில் நெஞ்சையும் வயிற்றையும் போர்த்துங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் இனிப்பான சூட்டுத் தேநீர். பிராந்தி கூடவே கூடாது.

ஸ்னோ அள்ளுவது இதயத்துக்குக் கடும் வேலை. குளிரில் குருதிக் குழாய் சுருங்கியிருக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கும்போது அழுத்தம் ஏறுகிறது. தூக்காமல் தள்ளுங்கள், அரைச் சவள் அள்ளுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நில்லுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்களும் நெஞ்சுவலி உள்ளவர்களும் சவளைத் தொடவே வேண்டாம். சங்க இளைஞர் அணி ஒரு தெருவுக்கு இரண்டு பேர் என்று பொறுப்பெடுத்தால் இது முடியும்.

மின்சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகும் மாணவர்கள் பலர் உங்கள் பேஸ்மென்ட்டுகளில் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த லித்தியம் பற்றரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே உலோகம் படிந்து, பிறகொரு நாள் தீப்பிடிக்க வழியாகும். உள்ளே வைத்து இரண்டு மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, ஆள் விழித்திருக்கும்போது, வெளியேறும் வழியில் இல்லாத இடத்தில் சார்ஜ் செய்ய இடம் ஒதுக்கிக் கொடுங்கள்.

மின்சாரம் போனால் எரிவாயு ஃபர்னஸும் நிற்கும், விசிறிக்கு மின்சாரம் வேண்டும். 2013 டிசம்பர் பனிக்கட்டிப் புயலில் ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 லட்சம் இணைப்புகள் இருளில் இருந்தன. அப்போதும் கரியடுப்பையும் ஜெனரேற்றரையும் வீட்டுக்குள் பாவிக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஜெனரேற்றர் வீட்டிலிருந்து ஆறு மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். எல்லாரும் ஒரே அறையில் கூடுங்கள், கீழ்வீட்டுக்காரரையும் சேர்த்து. குழாய்கள் உறையாமலிருக்கத் தண்ணீர் நூல்போல ஓடட்டும். நீரை அடைக்கும் பிரதான வால்வு பெரும்பாலும் கீழ்வீட்டு முன்சுவரில் இருக்கிறது. அதைக் குடியிருப்பவருக்கு இன்றே காட்டிக்கொடுங்கள்.

கடைசியாக ஒரு விடயம். நகரத்தில் பதிவில்லாத பேஸ்மென்ட் என்பதால் குளிரைப் பற்றி முறையிட உரிமையில்லை என்று குடியிருப்பவர்களிடம் சொல்லப்படுகிறது. அது உண்மையில்லை. தனிக் குசினியும் குளியலறையும் உள்ளவருக்கு, பதிவில்லாத வீடானாலும், மாகாண வாடகைச் சட்டம் செல்லும். முறையிட்டதற்காக வெளியேற்ற முடியாது. ரொறன்ரோவில் 311க்கு அழைத்தால் நகரம் ஆய்வாளரை அனுப்பலாம். வீட்டுக்காரரோடு குசினியைப் பகிரும் மாணவருக்கு அந்தச் சட்டம் துணையில்லை. அங்கே உங்கள் மனச்சாட்சி மட்டுமே அவருக்குக் காவல். நிர்வாகிகளிடம் எங்கள் கோரிக்கை: நவம்பர் முடியும் முன் இரண்டு சனிக்கிழமைகள் உங்கள் மண்டபத்தைத் தாருங்கள். வீட்டுக்காரர்கள் தங்கள் அலாரங்களைக் கழற்றிக் கொண்டுவரட்டும். திகதி முடிந்தவற்றைப் பிரித்துவைப்போம், ஊதுபத்திச் சோதனையைச் செய்து காட்டுவோம், 911 அழைப்பை முதியவர்களோடு பேசிப் பழகுவோம். புது அலாரம் வாங்க வசதியில்லாத வீடுகளுக்குச் சங்க நிதியிலிருந்து ஒதுக்குவது உங்கள் முடிவு. அதைப் பூட்டிக் கொடுக்க நாங்கள் கூலி வாங்க மாட்டோம்.

அன்புடன்,
ரொறன்ரோப் பகுதியில் வேலை செய்யும் தமிழ் ஃபர்னஸ் தொழில்நுட்பர்களும் தாதியரும்